மின்சாரக் குட்டி யானை மக்கர் பண்ணினால் எங்கிருந்து பார்ப்பது

சேலம் லீ பஜாரிலிருந்து கடைகளுக்கு அரிசிச் சிப்பமும் ஜவ்வரிசியும் ஏற்றிப்போக என்னிடம் இரண்டு மின்சார மினி டிரக் ஓடுகின்றன. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் எங்கள் பக்கம் குட்டி யானைதான், அதனால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மூன்று வருஷத்தில் காலை ஐந்து மணிக்கு டிரைவர் போன் போட்டு "அண்ணா, வண்டி செத்துப்போச்சுங்க, பெரிய பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது" என்று சொன்னது ஒரு இருபது தடவை இருக்கும். அதில் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரிப் பக்கம் கோளாறு இருந்தது ஒரே ஒரு முறை, அதுவும் பேட்டரி இல்லை, அதற்குப் போகும் ஒரு சென்சார் ஒயரை எலி கடித்தது. மீதி எல்லாம் சாக்கெட், எர்த், 12 வோல்ட் சின்ன பேட்டரி, டயர் காற்று, பிரேக் இந்த ஐந்துக்குள் அடங்கிவிட்டன.

அதனால் கீழே எல்லாம் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு வைப்பதை நோக்கிப் போகும். கையில் ஒரு டெஸ்டர், ஒரு மல்டிமீட்டர், காற்று பார்க்கும் கேஜ், ஜாக்கி இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று. வண்டிக்குக் கீழே ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த ஒயர் போகும். அதை அவிழ்க்கவோ, இழுத்துப் பார்க்கவோ, டேப் சுற்றவோ கூடாது. 60 வோல்ட்டுக்கு மேல் டிசி என்றாலே ஆபத்து வகை. சாவியை எடுத்த பிறகும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். ஆரஞ்சு வரை வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது, சர்வீஸ் ஆளுக்குப் போன் போட வேண்டியதுதான்.

## சார்ஜ் ஏறவே இல்லை

இரவு பிளக் மாட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள், காலையில் பார்த்தால் நேற்று நின்ற அதே 34 சதவீதம். முதலில் சார்ஜர் பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள், அதைப் பொறுத்து வழி பிரியும்.

### பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை

சாக்கெட்டில் கரண்ட் இல்லை. சிரிக்காதீர்கள், என் முதல் மூன்று புகாரும் இதுதான். சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா, எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா, இந்த வரிசை. எம்.சி.பி. விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிப் போடலாம். போட்ட உடனே மறுபடி விழுந்தால் ஷார்ட், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

### சிவப்பு விளக்கு, அல்லது எர்த் என்று காட்டும் விளக்கு

இதுதான் எங்கள் ஊர்க் கோளாறு. நம் வீட்டு மிக்ஸி, ஃபேன் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடிவிடும், மின்சார வண்டியின் சார்ஜர் ஓடாது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் உள்ளே விடவே விடாது.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ் - நியூட்ரல் 230 வாக்கில் வர வேண்டும். ஃபேஸ் - எர்த் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரல் - எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் குடோனில் ஒரு ஏப்ரல் மாதம் ஃபேஸ் - எர்த் 140 காட்டியது, நியூட்ரல் - எர்த் 60 தாண்டியது. ஒயரிங் செய்த தம்பி புது எர்த் போட வேண்டும், செப்புப் பட்டை, கெமிக்கல் எர்த் என்று பெரிய தொகை சொன்னார். எதற்கும் பார்ப்போம் என்று எர்த் குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன், மறுநாள் காலையில் 226 வந்துவிட்டது, வண்டியும் சமர்த்தாக சார்ஜ் எடுத்தது. இப்போது மார்ச் முதல் ஜூன் வரை வாரம் இரண்டு முறை எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வாட்ச்மேன் தாத்தாவின் வேலைகளில் ஒன்று. பக்கத்தில் இருக்கும் துளசிச் செடியை விட அதைத்தான் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்.

தண்ணீர் ஊற்றியும் ஏறவில்லை என்றால், எர்த் ஒயர் சாக்கெட் வரை வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. சார்ஜரை ஏமாற்றலாம்தான், ஆனால் மேலே எங்காவது நியூட்ரல் அறுந்தால் வண்டியின் பாடி முழுக்க கரண்ட் பாயும். ஈரக் காலோடு நிற்கும் டிரைவர் தொடுவார். வேண்டவே வேண்டாம்.

அடுத்து, ஃபேஸ் இடம் மாறியிருக்கலாம். பெரிய ஓட்டை மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலது ஓட்டையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். இடதில் எரிந்தால் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், சில சார்ஜர் அதற்கும் முரண்டு பிடிக்கும். ஜெனரேட்டரில் போட்டால் மட்டும் சிவப்பு வருகிறதா? சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள். சார்ஜர் பழுதில்லை, ஜெனரேட்டரின் அமைப்பே அப்படி.

### ஏறத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது

சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணிக்குள் நின்றால் லோ வோல்டேஜ் என்று சந்தேகப்படுங்கள். அப்போதுதான் தெருவே ஏசி, மோட்டார் போடும். மீட்டரை வைத்து, சார்ஜ் ஓடும்போது அளவு எடுங்கள். சார்ஜ் போடாதபோது 228, போட்டதும் 222 என்றால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. 228 என்பது 205க்கு இறங்கினால் ஒயர் மெலிசு, அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ். போடாதபோதே 185 என்றால் கோளாறு தெருவில். மின்வாரிய ஆபீசில் எழுதிக் கொடுங்கள், அதுவரை இரவு பதினொன்றுக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்துக்கொள்ளுங்கள். நான் டைமரில்தான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து எம்.சி.பி. விழுகிறது என்று சொன்னேனே, அது பெரும்பாலும் சூடு. 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியர் விடாமல் ஆறேழு மணி நேரம் இழுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. தகரப் பெட்டிக்குள் வெயிலில் காய்ந்துகொண்டு அதைத் தாங்காது. 20 ஆம்பியர் போட்டுவிடலாம் என்று தோன்றும், ஒயர் தடிமன் பார்க்காமல் போடாதீர்கள். எம்.சி.பி. இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரை மெயின் போர்டிலிருந்து நேராக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலி அதோடு போயிற்று.

வெயில் காலத்தில் இன்னொன்று நடக்கும். மதியம் ஒரு மணிக்கு லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு பிளக் மாட்டினால் பேட்டரி சூட்டில் இருக்கும், சார்ஜ் மெதுவாகும், அல்லது நின்று நின்று ஏறும். கோளாறு இல்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் வேப்பமர நிழலில் விட்டுவிட்டுப் போடுங்கள்.

### பிளக் சுடுகிறது

கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. மூன்று விநாடி பிடிக்க முடியவில்லை, அல்லது பிளக்கின் கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்துவிட்டது. சாக்கெட்டை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான், பழைய பிளக்கின் கருகிய கம்பி புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நான் இப்போது நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். தினமும் போட்டு எடுக்கும் இடத்துக்கு வீட்டு சாக்கெட் தாக்குப்பிடிக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை: கூடாது. அதுவும் சுருட்டி வைத்த ஒயரோடு போட்டால் சுருளுக்குள்ளேயே உருகும்.

### ரோட்டு சார்ஜரில் மட்டும் ஏறவில்லை

கன், அதாவது வண்டியில் மாட்டும் சார்ஜர் பிளக், பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. கார்களுக்கு இப்போது சி.சி.எஸ். 2 என்ற கன். குறைந்த வோல்டேஜ் பேட்டரி உள்ள மூன்று சக்கர, சின்னச் சரக்கு வண்டிகள் சிலவற்றுக்கு பழைய பாரத் டிசி 001, ஜி.பி.டி. கன், அதிகபட்சம் 15 கிலோவாட். மேப்பில் சார்ஜர் என்று காட்டுவதை நம்பிப் போகாமல் எந்த கன் என்று பார்த்துவிட்டுப் போங்கள். கன் பொருந்தியும் ஏறவில்லை என்றால் பக்கத்து கன்னில் போட்டுப் பாருங்கள், அப்புறம் வண்டியை ஆஃப் செய்து, பூட்டி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி. இரண்டு வேறு இடத்திலும் ஏறவில்லை, ஆனால் குடோனில் ஏறுகிறது என்றால் வண்டியின் ஃபாஸ்ட் சார்ஜ் பக்கம் கோளாறு. அது சர்வீஸ் வேலை.

## சாவி போட்டால் அசைவே இல்லை

மீட்டர் போர்டு இருட்டு, அல்லது லேசாக மின்னி அணைகிறது, சென்ட்ரல் லாக் முக்குகிறது. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் இப்படி நடக்கும். வண்டியை எழுப்புவது 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். அது படுத்தால் பெரிய பேட்டரியின் கதவே திறக்காது.

காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல வண்டியில் சாவியைத் திருப்பினதும் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ "டக்... டக்" என்று கேட்கும், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் சுவிட்ச் ஒட்டும் சத்தம் அது. டக் இல்லை என்றால் சின்ன பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்.

டெர்மினலை கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். அப்புறம் மீட்டரை வைத்து அளவு. ஓய்வில் 12.5க்கு மேல் என்றால் நல்லது, 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே என்றால் செத்தது. வேறொரு வண்டியின் 12 வோல்ட்டிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு எழுப்பலாம். மீட்டரில் ரெடி வந்ததும் மறுபடி அளவு எடுங்கள். 13.5க்கு மேல் ஏறினால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு சார்ஜ் போகிறது, பிரச்சினை சின்ன பேட்டரியில் மட்டும்தான். 12லேயே நின்று மெல்ல இறங்கினால் பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் டிசி டிசி கன்வெர்ட்டரோ அதன் ஃப்யூஸோ போயிருக்கிறது. 12 வோல்ட் ஃப்யூஸ் பெட்டியை நீங்களே பார்க்கலாம். கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள், அதில் ஆரஞ்சு ஒயர் போகிறது.

இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். பக்கத்து டீசல் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை, உங்கள் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்பார்கள். பாவமாகத்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், நம் சின்ன பேட்டரி அதற்கான அளவே இல்லை.

புது பேட்டரி போட்டும் மாதத்துக்கொரு முறை படுக்கிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று ராத்திரியெல்லாம் குடிக்கிறது. எங்கள் இரண்டாவது வண்டியில் மூன்று பேட்டரி வாரண்டியில் மாற்றிய பிறகுதான் கண்டுபிடித்தோம். டிரைவர் அண்ணன் ஆயுத பூஜைக்கு சீரியல் லைட்டும், பாட்டுப் பெட்டிக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் மாட்டி, இரண்டையும் சாவிக்கு அப்பால் நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார். லைட்டை அணைத்தாலும் ஆம்ப்ளிஃபையர் அணையவில்லை. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, பாட்டு நன்றாகத்தான் கேட்டது. சாவி ஆனில் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு மாற்றிக் கொடுத்தோம். தனியாக மாட்டிய ஜி.பி.எஸ். கருவியும் இதே வேலை செய்யும்.

## விளக்கெல்லாம் எரிகிறது, வண்டி நகரவில்லை

இது பெரும்பாலும் சின்ன விஷயம். சார்ஜிங் கன் இன்னும் மாட்டியிருக்கிறதா, அல்லது சார்ஜ் மூடி சரியாக மூடவில்லையா. பிரேக்கை முழுதாக மிதித்துவிட்டு சாவி போட்டீர்களா. கியர் குமிழ் நியூட்ரலில் இருக்கும்போது போட்டீர்களா. எல்லாம் செய்தும் ரெடி வரவில்லை என்றால் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடலின் சுவிட்ச் போயிற்று, நீங்கள் மிதிப்பது வண்டிக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஃபைனான்ஸில் எடுத்த சில மின்சார வண்டிகளைத் தவணை கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே நகராமல் நிறுத்த முடியும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்துவிடுங்கள்.

குடோனில் நிற்கும் வண்டி என்றால் குனிந்து கீழே டார்ச் அடியுங்கள். அரிசி இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் ஒயர் இருக்காது. கறுப்பு உறை ஒயரில் பல் தடம் இருந்தால் போட்டோ எடுத்து சர்வீஸுக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் சரியான ஒயரோடு வருவார்கள், ஒரு நாள் மிச்சம். ஆரஞ்சு உறையில் பல் தடம் தெரிந்தால் சாவியை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

## ரேஞ்ச் குறைந்துவிட்டது

எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் அறிகுறி இதுதான். நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

முதலில் எதோடு ஒப்பிடுகிறீர்கள்? விளம்பரத்தில் உள்ள எண் என்றால் விட்டுவிடுங்கள், அது சோதனைச்சாலை ஓட்டம். என் வண்டிக்கு 150 சொச்சம் என்று எழுதியிருந்தது, லோடோடு ஊருக்குள் 100 வந்தால் எனக்கு நல்ல நாள். உங்கள் வண்டி போன மாதம் ஓடியதோடு ஒப்பிடுங்கள். அதற்கு வழி, சார்ஜ் போடும் சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு சப் மீட்டர். ஒரு நாள் 100 சதவீதம் நிரப்பி, ஓட்டி, மறுபடி 100 நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை சப் மீட்டர் காட்டிய யூனிட்டால் வகுத்தால் ஒரு எண் வரும். எனக்கு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் வாக்கில்.

இந்த ஒரு எண் வழியை இரண்டாகப் பிரித்துவிடும். யூனிட்டுக்கு ஓடும் கிலோமீட்டர் குறைந்திருந்தால் வண்டி அதிகமாகக் குடிக்கிறது: டயர், பிரேக், பாரம், ஓட்டும் விதம். அந்த எண் அப்படியே இருந்தும் முழு சார்ஜுக்கு ஓடும் தூரம் மட்டும் குறைந்திருந்தால் டேங்க் சின்னதாகிவிட்டது, அல்லது சின்னதாகிவிட்டதாக மீட்டர் நினைக்கிறது.

### வண்டி அதிகமாகக் குடிக்கிறது

காற்று. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. கண்ணால் பார்த்து "காத்து இருக்குதுங்க" என்பதை நம்பாதீர்கள், லோடு இல்லாத வண்டியில் பின் டயர் எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

பாரம். 600 கிலோ வண்டி என்றால் 25 கிலோ சிப்பம் 24. எங்கள் மண்டியில் 24 ஏற்றிவிட்டு நிறுத்தும் ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன், 36 சிப்பம் கணக்கு வந்தது. டிரைவர் ஒரு நடை மிச்சம் என்று நினைத்திருக்கிறார். நடை மிச்சம்தான், ஆனால் மதியம் சார்ஜுக்குத் திரும்ப வந்ததில் அதுவும் போயிற்று.

பிரேக் ஒட்டுதல். இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிரம் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத பிரேக் துருப்பிடிக்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகும், லைனர் டிரம்மை விட்டு முழுதாக விலகாது. டீசல் வண்டி என்றால் எஞ்சின் உறுமலிலும் டீசல் செலவிலும் கலந்து தெரியாமல் போகும். இங்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பட்டமாகக் குறையும்.

சோதனை இப்படி. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஒவ்வொரு சக்கர டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் சரி. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, நியூட்ரலில், கையால் சுற்றுங்கள். நல்ல சக்கரம் ஒரு சுற்றாவது தானாக ஓடும். எங்கள் வண்டியின் பின் இடது சக்கரம் கால் சுற்றில் "கர்ர்" என்று நின்றது. இதற்குக் கம்பெனி சர்வீஸே தேவையில்லை, பழக்கமான பிரேக் மெக்கானிக் போதும். டிரம்மைக் கழற்றி, சுத்தம் செய்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லைனர் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்தார். யூனிட்டுக்கு 4.2 ஆகியிருந்தது 5க்குத் திரும்பியது.

அப்புறம் படபடக்கும் தார்ப்பாய், பைபாஸில் 70ல் ஓட்டுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

### மீட்டர் ஏமாற்றுகிறது

20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, ஐந்து ரோடு சிக்னலில் நின்று எடுத்தால் 3. இதைப் பார்த்து பேட்டரி போய்விட்டது என்று அழாதீர்கள்.

சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. அதில் ஒவ்வொரு செல்லும் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நடுவில் வெகுதூரம் அசையாமல் நிற்கும், அதனால் வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சரியாகச் சொல்ல முடியாது, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். தினமும் 80ல் எடுத்துவிட்டால் கணக்கில் பிசகு சேரும். செல்போனுக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே கொண்டுவராதீர்கள். வாரம் ஒரு முறையாவது 100 வரை விட்டு, 100 காட்டிய பிறகும் சார்ஜர் தானாக நிற்கும்வரை எடுக்காமல் விடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஏறிய செல்லும் ஏறாத செல்லும் சமமாகும். சனி இரவு போட்டு ஞாயிறு முழுக்க விட்டுவிடுவது எங்கள் பழக்கம். இப்படி மூன்று நாலு முறை செய்த பிறகும் குதிக்கிறது என்றால் மட்டும் அடுத்ததுக்குப் போங்கள்.

### பேட்டரியே தேய்ந்துவிட்டதா

மேலே சொன்ன எல்லாம் செய்தாயிற்று, யூனிட்டுக்கு ஓடுவது சரியாக இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட காலியிலிருந்து 100 வரை நிரப்ப முன்பு 22 யூனிட் எடுத்தது இப்போது 17தான் எடுக்கிறது. இப்போது சர்வீஸுக்குப் போகலாம், கையில் இந்தக் கணக்கோடு போங்கள். "ரேஞ்ச் வரலைங்க" என்று போனால் காற்றைப் பார்த்து, தண்ணீர் சர்வீஸ் செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது. பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட், செல் வோல்டேஜ் வித்தியாசம், இரண்டையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்பது வாரண்டி அட்டையில் இருக்கும். வாரண்டி இருக்கும் பேட்டரியை வெளியில் திறந்து செல் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் வாரண்டியும் போகும், பாதுகாப்பும் போகும்.

## ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஆமைப் படம் வருகிறது

மீட்டரில் ஆமைப் படம் வந்தால் வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். சார்ஜ் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஆமை வருவது இயல்பு. 60 இருந்தும் வந்தால் சூடு.

ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்திலிருந்து 1,200 மீட்டர் வாக்கில் உயரம். லோடோடு 1,800 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஆறு யூனிட் ஆகும், 21 யூனிட் பேட்டரியில் கால்வாசிக்கு மேல், மோட்டாரில் வீணாவதும் ரோட்டில் உருள்வதும் தனி. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, அப்போதுதான் ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட சூட்டோடு ஏறினால் பன்னிரண்டாவது வளைவில் ஆமை வந்தே தீரும். ஓரம் கட்டி, சாவியை எடுக்காமல் இருபது நிமிஷம் நில்லுங்கள், கூலிங் ஃபேன் உள்ள வண்டி என்றால் அது ஓடி முடிக்கட்டும். நாங்கள் இப்போது காலை ஆறு மணிக்கே ஏறிவிடுகிறோம், ஆமையைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

சம ரோட்டில், காலைக் குளிரில், லோடு இல்லாமலே ஆமை வந்தால் அது ஃபேன், கூலன்ட், சென்சார் இதில் ஒன்று. கூலன்ட் டப்பா இருக்கும் வண்டி என்றால் அளவைப் பாருங்கள், ஃபேனில் சாக்குத் துணியோ வைக்கோலோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் சர்வீஸ்.

இறங்கும்போது மேலே 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். மோட்டார் வேகத்தைக் குறைக்கும்போது வரும் மின்சாரத்தை நிறைந்த பேட்டரி மேற்கொண்டு வாங்காது, அதனால் மோட்டார் பிடிக்காது, மொத்த வேலையும் டிரம்முக்கு. மூன்றாவது வளைவில் கருகல் வாடை வரும். வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

## மழைக்குப் பிறகு மக்கர்

சாதா மழை இந்த வண்டியை ஒன்றும் செய்யாது. வாட்டர் சர்வீஸ்தான் செய்யும். பிரஷர் பம்பை வண்டிக்கு அடியில் கனெக்டருக்கு நேராகக் காட்டிப் பீய்ச்சிவிடுவார்கள், மறுநாள் இன்சுலேஷன் என்றோ ஐசொலேஷன் என்றோ மீட்டரில் எழுத்து வரும். ஒரு நாள் வெயிலில் காய விட்டால் போனாலும் போகும். போகவில்லை என்றால் சர்வீஸ். போனாலும், மறுபடி வந்தால் சர்வீஸ். அடிப்பக்கத்தை இப்போது நாங்கள் வாளித் தண்ணீரும் துணியுமாகத்தான் கழுவுகிறோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள், அதன் அர்த்தம் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது, அதுவும் சீல் புதிதாக இருக்கும் வரை. ராத்திரியெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்றதற்கு அந்தக் கணக்கு செல்லாது. தரை மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடவே போடாதீர்கள், குடோனுக்குள் தள்ளி நிறுத்தாதீர்கள். வெளியே, மற்ற வண்டிகளை விட்டுத் தள்ளி நிறுத்தி, இன்சூரன்ஸுக்குப் போட்டோ எடுத்து, டோ வண்டியில் சர்வீஸுக்கு அனுப்புங்கள். உள்ளே போன தண்ணீர் இரண்டு வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

## புகை, நெயில் பாலிஷ் மாதிரி வாடை, பெட்டி உப்பல், "புஸ்" சத்தம்

இதற்குச் சோதனை கிடையாது. சார்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் மெயின் போர்டில் அணையுங்கள், பிளக் பக்கம் போகாதீர்கள். ஆட்களை 15 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள், புகையை மூச்சில் இழுக்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் சரக்குக்காக யாரும் ஏறக் கூடாது. 101 அல்லது 112. பேட்டரி வண்டி என்பதை போனிலேயே சொல்லிவிடுங்கள், நிறையத் தண்ணீரோடு வருவார்கள். அணைந்த பிறகும் மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள்கூட மறுபடி பற்றும், அதனால் எரிந்த வண்டியை எந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலும் இழுத்து வைக்காதீர்கள்.